டோக்கன் இல்லாத நாள்

சோதனை வண்டி வரப்போகிறது என்ற செய்தி காதில் விழுந்ததுமே மடிப்பக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் ஒரு நொடி கூடுதலாக நின்றுவிட்டது. நல்லவேளை, காலர் பழுப்பேறவில்லை. ஏறியிருந்தால் அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மடிப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வெளிநாட்டுக்குப் போகும் சட்டைகளைத் தைக்கிற தொழிற்சாலை அது. அங்கே இஸ்திரிக் கூடத்தில் அவள் கையால் மடிப்பு விழுந்தால் கத்தி மாதிரி விழும். அதனால் வந்த பெயர். அவளுக்கு அதில் பெருமைதான். இருக்கட்டும், பெருமைக்கு யாரும் வரி கேட்கப்போவதில்லை.

கூடத்தில் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு நீராவிக் குழாய் தொங்கும். காலையில் நின்றால் சாயங்காலம் வரை நின்றபடியே வேலை. ஜன்னல்கள் உண்டு, திறக்கக் கூடாது. தூசி பறந்து வந்து சட்டையில் ஒட்டிவிடுமாம். வரிசையின் கடைசியில் ஒரு தூண், தூணில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு மரவில்லை. அதுதான் டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். மொத்த வரிசைக்கும் அது ஒன்றுதான். எடுப்பதற்கு முன் சூப்பர்வைசரைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குகிற அந்த மனிதருக்கு விசில் என்றே பெயர். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. திட்டமாட்டார், போகாதே என்றும் சொல்லமாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு திட்டு வாங்குவது எவ்வளவோ தேவலை.

ஆகவே கூடத்துப் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசாமலே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவது. குடித்தால்தானே போக வேண்டும்? புதிதாக வருகிறவளுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இஸ்திரி போடுவது அல்ல, இதுதான். "நாக்கு ஒட்டிக்கிச்சுன்னா ஒரு வாய் கொப்பளிச்சுத் துப்பிடு. முழுங்கிடாதே."

டாக்டரும் நர்ஸும் வருகிற சோதனை வண்டி, சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஏற்பாடு. தொழிலாளர்கள் நலமாக இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் சோதனையில் ஏதாவது தெரிந்துவிட்டால் நிர்வாகம் அவளுக்கு 'ஓய்வு' கொடுக்கும். ஓய்வுக்குப் போய்த் திரும்பி வந்தவள் என்று கூடத்தில் ஒருத்தியும் கிடையாது. ஒரே ஒரு தயவு உண்டு. போகிறவளின் இடத்தை அவள் வீட்டு ஆளுக்கே கொடுத்துவிடுவார்கள். மகளோ, தங்கையோ, மருமகளோ, யாராவது. வரிசையில் மேசை காலியாக இருக்கக் கூடாது.

மடிப்பக்காவும் அப்படி வந்தவள்தான். அவள் நிற்கிற மேசை அவளுடைய அக்கா நின்றது. அக்காவுக்கு முதலில் கால் வீங்கியது. செருப்பு சின்னதாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் படியேறினால் மூச்சு வாங்கியது. அப்புறம் சோதனை வண்டி, ஓய்வு, பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷின், அந்த மிஷினுக்காகக் காத்துக் கிடக்கிற பெஞ்சு. கடைசி நாட்களில் அக்கா தண்ணீர் தண்ணீர் என்று அழுதாள். கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சிறுநீரகம் போன உடம்பில் தண்ணீர் இறங்க வழி இல்லையாம். குடித்திருக்க வேண்டிய வயதில் டோக்கனுக்குப் பயந்து குடிக்கவில்லை. குடிக்கக் கெஞ்சியபோது கொடுக்க முடியவில்லை. இந்த அநியாயத்தை நினைத்தால் மடிப்பக்காவுக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

அக்கா போனதிலிருந்து அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. பேய் பிடித்திருந்தாலாவது யாராவது ஓட்டியிருப்பார்கள். தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். விரலை எடுத்தால் அங்கே ஒரு குழி இருக்கும். மெல்ல மெல்லத்தான் மேடேறும். அது மேடேறுகிற வரைக்கும் அவள் மூச்சு விடமாட்டாள். அக்காவின் காலிலும் இதே குழி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்.

போன வருடச் சோதனையை எப்படித் தாண்டினாள் என்று கேட்டால், அது கூடத்துக்குள் காதும் காதும் வைத்தாற்போல் நடந்துவருகிற ஒரு சமாசாரம். சிறுநீரைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். தன் உடம்பில் நம்பிக்கை இல்லாதவள், நம்பிக்கை இருக்கிறவளிடம் வாங்கிக்கொள்வாள். பெட்டி அடுக்குகிற பகுதியில் ஒரு குண்டு அம்மா இருந்தாள். இடி விழுந்தாலும் அசராத உடம்பு. போன தடவை அவள் ஒருத்தியே பாதிக் கூடத்தைக் கரையேற்றினாள். அன்றிலிருந்து அவளுக்குப் பால்காரி என்று பெயர் விழுந்துவிட்டது.

செய்தி வந்த அன்றே மடிப்பக்கா பால்காரியைத் தேடிப் போனாள். பால்காரி கையை விரித்துவிட்டாள்.

"இந்த வருஷம் நம்ம கடையிலயே சரக்கு சரியில்ல மடிப்பக்கா. சர்க்கரை வந்துடுச்சு. நானே எவகிட்ட வாங்கறதுன்னு அலையறேன்."

சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பால்காரியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் எல்லார் முகமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தது.

மடிப்பக்காவுக்கு ஒரு மகள். அவளுக்கு பன்னு என்று பெயர். அதுவும் பட்டப்பெயர்தான், அம்மாவே வைத்தது. கொஞ்ச நாளாகக் காலையில் எழுந்தால் பெண்ணின் முகம் பேக்கரி பன் மாதிரி உப்பியிருக்கும். கண் இரண்டும் உள்ளே போயிருக்கும். "எழுந்திருடி பன்னு, ராத்திரியெல்லாம் தூங்கியே வீங்கிட்டியா?" என்று அம்மா கிண்டல் பண்ண, அந்தப் பெயர் தெருவரைக்கும் பரவிவிட்டது. மத்தியானத்துக்குள் முகம் வடிந்து ஒழுங்காகிவிடும். பத்தொன்பது வயது. ஓட்டமும் ஆட்டமுமாக இருக்கிறவள். அப்பன் எங்கேயோ போய் வேறு குடும்பம் ஆனவன். அவனைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

பன்னுவும் அதே தொழிற்சாலைதான். கீழ்த்தளத்தில், சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டுகிற வேலை. தினக்கூலி. தினக்கூலிகளுக்குச் சோதனை கிடையாது. கம்பெனி கணக்கில் அவர்களுக்கு உடம்பே கிடையாது.

சோதனை நாள் காலையில் மடிப்பக்கா கழுவிக் காயவைத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை மகள் கையில் கொடுத்தாள். வரிசை வீடுகளில் ஓர் அறைதான் அவர்கள் வீடு. எட்டு வீட்டுக்குப் பொதுவாகக் கொல்லையில் கழிப்பறை.

"எதுக்கும்மா?"

"சும்மா ஒரு சோதனை. எனக்கு வரமாட்டேங்குது."

"பொய் சொல்றே." பன்னு புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உப்பிய கண்ணுக்குள்ளிருந்து குறும்பு எட்டிப்பார்த்தது. "பாஸானா எனக்கு என்ன தருவே?"

"உதை தருவேன். போடி."

பெண் வெளியே போய்விட்டு வந்தாள். கொஞ்சம்தான் இருந்தது, தேநீர் நிறத்தில். "இவ்வளவுதாம்மா வந்துச்சு. நேத்து பூரா எங்க தண்ணி குடிச்சேன்?" என்றாள். அது மடிப்பக்காவின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. தண்ணீர் குடிக்காமல் இருப்பது அந்த வீட்டில் ஒரு சேதியா என்ன? பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்குக் கதவு இல்லாத காலத்திலேயே அவள் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. காலையில் ஒரு வாய் போதும், மீதியை வீட்டுக்கு வந்து குடி. பெண்ணும் சமத்தாகப் பழகிக்கொண்டாள். இதற்காக அக்கம்பக்கத்தில் அவளைப் பாராட்டிக்கூட இருக்கிறாள்.

புட்டியை ஏப்ரனுக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆறிப்போயிருந்தால் நர்ஸுக்குச் சந்தேகம் வரும். இஸ்திரிக் கூடத்தில் சூட்டுக்கா பஞ்சம்? தன் வரிசையைக் கூப்பிடும்வரை நீராவிக்கு முன்னாலேயே நின்றாள்.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கூடத்தில் டோக்கன் இல்லை. விசிலே வரிசை வரிசையாக வந்து, "போங்க, போயிட்டு வாங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். குடிநீர்ப் பீப்பாய் பக்கத்தில் புது டம்ளர்கள்கூட வைத்திருந்தார்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு அறையில்தான் சோதனை. ஒரு மேசையில் நர்ஸ், பக்கத்தில் துணித் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் டாக்டர். மடிப்பக்கா நர்ஸ் கொடுத்த கப்பை வாங்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். தாழ்ப்பாள் போட்டாள். புட்டியைக் கவிழ்த்தாள். அவசரத்தில் நாலு சொட்டு தரையில் விழுந்தது. வெளியே வந்து கப்பை மேசையில் வைத்துவிட்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் ஒரு சுற்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

நர்ஸ் நடுவயதுக்காரி. தூக்கம் போதாத கண்கள். ஒரு நீளக் காகிதப் பட்டையைக் கப்பில் முக்கி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பட்டையில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருந்தது. முன்னால் போனவர்களுக்கெல்லாம் அது மஞ்சளாகவே இருந்ததை மடிப்பக்கா வரிசையில் நின்றபடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். இப்போது அது மஞ்சளாக இல்லை. ஓரத்திலிருந்து பச்சை ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டம் முழுக்கப் பரவிக் கரும்பச்சையாகி நின்றது.

நர்ஸ் இன்னொரு பட்டையை எடுத்தாள். அதுவும் பச்சை. எழுந்து தடுப்புக்குப் பின்னால் போனாள். உடனே திரும்பி வந்து, "அம்மா, நீங்க உள்ள வாங்க" என்றாள்.

டாக்டர் அவள் கையில் பட்டியைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். காலைக் காட்டச் சொன்னார். கட்டைவிரலை வைத்து அழுத்தினார். குழி விழுந்தது.

"எவ்வளவு வருஷமா நின்னு வேலை செய்றீங்க?"

அவள் சொன்னாள்.

"கால் வீக்கம் நிக்கறதாலயும் வரும், அது வேற. ஆனா உங்க சிறுநீர்ல புரதம் ரொம்பப் போகுதும்மா. சிறுநீரகம் ஒழுங்கா வடிகட்டலை. இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல."

கூசுகிற விஷயம், ஆனால் சொல்லிவிட வேண்டும். மடிப்பக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. 'அது என்னுடையது இல்லையே' என்று உள்ளே ஒரு குரல் குதித்தது. பிழைத்தேன் என்றது. அந்தக் குரல் குதித்து முடித்துத் தரையில் கால் வைப்பதற்குள் தரை இல்லாமல் போயிற்று. அப்படியானால் யாருடையது? தடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் முகம் வீங்குமா? சிறுநீரில் நுரை வருமா? வலி மாத்திரை அடிக்கடி போடுவதுண்டா?

காலையில் முகம் வீங்குமா. அவள் அந்த வீக்கத்துக்குப் பெயரே வைத்திருந்தாள். வைத்து, கொஞ்சி, தெருவையும் அப்படிக் கூப்பிட வைத்திருந்தாள். கழிப்பறையில் நுரையைப் பார்த்தபோது பக்கத்து வீட்டுக்காரி சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று சண்டைக்குப் போனாள். மாதாமாதம் வயிற்று வலி என்று பெண் மூலைக்கடையில் ரோஸ் நிற மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போவாள். அம்மாதான் இரண்டாக வாங்கி வைத்துக்கொள் என்பாள்.

"டாக்டர்," என்றாள். "பத்தொம்பது வயசுப் பொண்ணுக்கு இப்படி இருந்தா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் கேக்கறீங்க?"

"தெரிஞ்ச பொண்ணு."

"பொறக்கும்போது எடை கம்மியா இருந்த பொண்ணா? சிலருக்கு வயித்துக்குள்ள இருக்கும்போதே சிறுநீரகம் சரியா வளராது. அப்புறம் தண்ணி இல்லாம, சூட்டுல வேலை, மாத்திரை... ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கும். அந்த வயசுல கண்டுபிடிச்சா நிறுத்திப் பிடிக்கலாம். ஆனா உடனே பாக்கணும். மறுபடி சூட்டுல நிக்கவே கூடாது."

மடிப்பக்கா பன்னுவை வயிற்றில் சுமந்தபடி இதே கூடத்தில், இதே மேசையில் நின்றவள். விசிலுக்கு முன்னால் இருந்தவரின் காலம் அது. நிறைமாதத்திலும் டோக்கன் ஒன்றுதான். பெண் பிறந்தபோது ஒரு கையில் அடங்கியது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள் என்று நினைத்ததோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டாள். உடம்பு மறக்காது போலிருக்கிறது.

அதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த விசில் தலையை நீட்டினார். அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. அதுதான் கொடுமை.

"கவலைப்படாதீங்க மடிப்பக்கா. மூணு மணிக்கு வண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகுது, உங்களையும் ஏத்தி விடறேன். உங்க இடம் வேற யாருக்கும் போகாது. பட்டை பச்சையானதுமே ஆளனுப்பிப் பொண்ணைக் கூப்பிட்டு நிக்க வெச்சுட்டேன். இனி அவ நிரந்தர ஆளு. சந்தோஷமா போங்க."

மடிப்பக்கா தடுப்பைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

அவள் மேசையில் பன்னு நின்றிருந்தாள். அம்மாவின் பழைய ஏப்ரனைக் கட்டியிருந்தாள், இரண்டு சுற்று சுற்றியும் தொளதொளவென்று தொங்கியது. தலைக்கு மேல் நீராவி சீறிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, நெற்றி முடியெல்லாம் நனைந்து ஒட்டிக்கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் பெண்ணின் கண் கலங்கியது. கலங்கியதை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, ஏமாத்தியும் கால் வீக்கத்துல மாட்டிக்கிட்டியா? பரவால்ல விடு. நீ வைத்தியம் பாத்துக்கோ, இங்க நான் பாத்துக்கறேன். நிரந்தரமாக்கிட்டாங்கம்மா! பாரு, இந்தச் சட்டை எப்படி வந்திருக்கு?"

மடிப்பு நன்றாகத்தான் விழுந்திருந்தது. பக்கத்து மேசைக்காரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே இடம் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்கள். அம்மாவுக்கு நோய் வந்து மகளுக்கு இடம் கிடைத்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கு வந்தது என்று தெரிந்தவள் அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திதான்.

சொன்னால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏமாற்றினாள் என்று அவளை வெளியே அனுப்புவார்கள். நோய்க்காரி என்று பெண்ணை வெளியே அனுப்புவார்கள். தினக்கூலிக்கு ஓய்வு என்ற பெயர்கூட இல்லை. இரண்டு பேரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். பேசாமல் இருந்தால் ஒரு வேலையாவது மிஞ்சும். வண்டியில் ஏறிப் போய், சாயங்காலம் வந்து, வீட்டில் வைத்துப் பெண்ணிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்று ஒரு நாள் நின்றால் என்ன ஆகிவிடும்? அவள் அக்காவும் இன்று ஒரு நாள், இன்று ஒரு நாள் என்றுதான் நின்றாள்.

குடிநீர்ப் பீப்பாயிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து வந்து மகள் முன்னால் நீட்டினாள்.

"குடி."

பன்னு ஓரக்கண்ணால் விசில் நிற்கும் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வேணாம்மா. முதல் நாளே டோக்கன் கேக்கச் சொல்றியா?"

டோக்கன் இல்லாத நாள் அது. ஆணி வெறுமையாக இருந்தது. அதைக்கூடப் பெண் பார்க்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். மடிப்பக்காவுக்கு வந்தது பயம்தான், ஆனால் இத்தனை வருடமாக அவளுக்குப் பழக்கமான பயம் இல்லை. அந்தப் பயம் அவளை வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வைக்கும். இது நிற்க விடவில்லை. மகளின் கையிலிருந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, என்ன பண்றே? எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்."

சாப்பாட்டு அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். விசில் பின்னாலேயே ஓடிவந்தார். நர்ஸின் மேசைக்கு முன்னால் மகளை நிறுத்தி, அவள் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அது என்னுது இல்ல. இவளோடது. காலையில வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டு வந்தேன்."

வரிசையில் நின்ற பால்காரி அவளைப் பார்த்தாள். எங்களைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று அந்தப் பார்வை கையெடுத்துக் கும்பிடுவது போல் இருந்தது. விசிலின் முகம் கறுத்தது.

"இந்த மாதிரி வேற யார் யார் பண்ணியிருக்காங்க?"

"நான் மட்டும்தான்."

"மடிப்பக்கா..."

"நான் மட்டும்தான்னு சொல்றேன்ல. என்னை அனுப்புங்க. முதல்ல பொண்ணைப் பாருங்க."

பன்னுவுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை. "என்னுதுன்னா என்னம்மா? எனக்கு என்ன?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நர்ஸ் எழுந்து, விசிலை ஒரு பார்வையால் ஒதுங்கச் சொல்லிவிட்டு, பெண்ணின் கையில் ஒரு கப்பைக் கொடுத்தாள். மடிப்பக்காவின் கையிலும் ஒன்றைக் கொடுத்தாள்.

"நீங்களும் போங்கம்மா. இந்தத் தடவை உங்களோடது."

முதலில் மகளுடையது. மடிப்பக்கா கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை. பட்டை முங்கியது, வெளியே வந்தது. ஓரத்திலிருந்து அதே பச்சை. பன்னு அதை ஏதோ வேடிக்கை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். "நிறம் மாறினா நல்லதா கெட்டதா?" என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாள்.

அடுத்தது அவளுடையது. நர்ஸ் பட்டையை முக்கினாள். இத்தனை வருடமும் கட்டைவிரலை வைத்து வைத்துத் தேடிய நோய், அக்காவைக் கொண்டுபோன நோய், இதோ தெரியப்போகிறது. மடிப்பக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பச்சையாகிவிடு என்று வேண்டிக்கொண்டாள். எனக்கும் இருக்கட்டும். எனக்கு மட்டும் இருக்கட்டும். அவளுடையதில் ஏதோ தப்பு நடந்திருக்கட்டும், கப் மாறியிருக்கட்டும், எனக்கே முழுசாக வந்து சேரட்டும்.

கட்டம் மஞ்சளாகவே இருந்தது.

நர்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறமும் மஞ்சள்தான்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள். நல்ல செய்தி சொல்கிற குரல் அவளுக்கு வரவில்லை. "நின்னு நின்னுதான் கால் வீங்குது. சிறுநீரகம் நல்லா இருக்கு. உங்களோடதையே கொடுத்திருந்தா எந்தத் தொந்தரவும் வந்திருக்காது."

"இன்னொண்ணு வெச்சுப் பாருங்க."

"எத்தனை வெச்சாலும் இதேதான்."

"ஒரே ஒரு தடவை, தாயே."

நர்ஸ் இன்னொரு பட்டையை எடுத்தாள். பிறகு அதை முக்காமலே கீழே வைத்துவிட்டு மடிப்பக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து டாக்டரின் குரல் கேட்டது. காலையில் முகம் வீங்குவது எவ்வளவு நாளாக என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அது தூக்கம் டாக்டர்," என்று பன்னு சிரித்தாள். "அதனாலதான் அம்மா எனக்கு பன்னுன்னு பேர் வெச்சாங்க." சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டர் என்ன செய்தாரோ, அவள் காலில் விரலை வைத்து அழுத்தினாரோ, தெரியவில்லை. பிறகு, சின்ன வயதில் இருட்டில் கூப்பிடுவாளே, அந்தக் குரலில், "அம்மா" என்றாள்.

மடிப்பக்கா ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். "குடிக்கலாமில்ல டாக்டர்? இவ இன்னும் குடிக்கலாமில்ல?" என்று கேட்டாள். டாக்டர் தலையசைத்தார். இப்போதைக்குக் குடிக்கலாம் என்றார். அந்த 'இப்போதைக்கு' அவள் நெஞ்சில் பாய்ந்தது.

பெண் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள். அங்கே நிறுத்தி, தடுப்புத் துணியின் இடுக்கு வழியாக, விசில் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"குடிடி," என்றாள் மடிப்பக்கா.